எலைசா கிட் சூடாகி வந்துச்சு, மாத்திக் குடுங்க

வணக்கம் சார்,

போன மாசம் உங்ககிட்ட வாங்குன பெட் வி 1 எலைசா கிட் விஷயமா எழுதுறேன், அதான் பிர்ச் மர மகரந்தத்துல அலர்ஜி குடுக்குற புரோட்டீன (அலர்ஜென) ஆன்டிபாடி வச்சு கலர்ல அளக்குற கிட். கிட் வேலை செய்யலன்னு ரெண்டு தடவை போன்ல சொல்லியாச்சு, ரெண்டு தடவையும் உங்க சாம்பிள்ல அலர்ஜென் இருந்திருக்காதுன்னு ஒரே பதில், அதான் எழுத்துல குடுக்குறேன்.

வெள்ளிக்கிழமை மீனம்பாக்கம் கார்கோவுக்கு வந்த பார்சல் திங்கக்கிழமை மத்தியானம்தான் எங்க லேப்புக்கு வந்துச்சு, அதுவும் மே மாச வெயில்ல. டெலிவரி தம்பி நிக்கும்போதே தெர்மாகோல் பெட்டிய பிரிச்சேன், ஜெல் பேக் நாலும் தண்ணியா குலுங்குது, உள்ள தெர்மாமீட்டர் வச்சா 29 டிகிரி. வயல் பாட்டில்ல 2-லருந்து 8 டிகிரின்னு நீங்களே ஒட்டியிருக்கீங்க! போட்டோ அனுப்புனதுக்கு, ஒண்ணும் ஆகாது, யூஸ் பண்ணுங்கன்னாங்க உங்க ஆளுங்க.

பண்ணேன். எங்க சாம்பிள விடுங்க, கிட்டோட வந்த ஸ்டாண்டர்டே கலர் காட்டல. அது சுத்தமான பெட் வி 1, அத அதிகமா போட்ட பிளேட் குழிக்கும் (வெல்) ஒண்ணும் போடாத பிளாங்க்குக்கும் 450 நானோமீட்டர்ல வித்தியாசமே இல்ல. கலர் குடுக்குற டிஎம்பி கெட்டுப்போச்சோன்னு, அத நீலமாக்குற என்சைம் எச்ஆர்பிய ஒரு துளி கலந்து பாத்தேன், உடனே நீலமாயிடுச்சு. அப்புறம் போன வருஷ கிட்ல மிச்சமிருந்த பயோட்டின் ஆன்டிபாடிய (அலர்ஜென புடிக்கிற, பயோட்டின் ஒட்டுன ஆன்டிபாடி) உங்க புது பிளேட், புது ஸ்டாண்டர்டோட போட்டேன், பளிச்சுனு வந்துச்சு. அப்போ கெட்டது இப்ப அனுப்புன பயோட்டின் ஆன்டிபாடிதான். ஒரே குளோன், அதாவது ஒரே செல்லோட வம்சம் செய்ற ஆன்டிபாடி, எந்த லாட்டும் அதே எபிடோப்ப (அலர்ஜென்ல ஒட்டுற இடத்த) அதே மாதிரி புடிக்கும்னுதானே மோனோகுளோனலுக்கு இவ்வளவு காசு குடுக்குறோம்.

நாங்க பாக்குறது சவுக்கு மகரந்தம். சவுக்கும் ஐரோப்பால அலர்ஜி குடுக்குற பிர்ச்சும் தாவர வகைப்பாட்டுல ஒரே ஃபாகேல்ஸ் வரிசை, அதனால பெட் வி 1 மாதிரி புரோட்டீன் இதுலயும் இருக்கான்னு தேடுறோம். ஈசிஆர் பக்கம் தோப்பு தோப்பா அலைஞ்சு, நுனில இருக்குற ஆண்பூவ பேப்பர் கவர்ல தட்டித் தட்டி சேத்தது, அந்த எக்ஸ்ட்ராக்ட்ல பாதி இந்த ஒரு ரன்லயே போயிடுச்சு. ஸ்டாண்டர்ட கவனிக்காம விட்டிருந்தா, சவுக்குல அது இல்லன்னு தப்பா எழுதியிருப்போம் சார், அத நினைச்சாதான் வயிறு எரியுது.

அதே குளோன்ல புது லாட், அந்த லாட்டோட டெஸ்ட் ரிப்போர்ட், பெட்டிக்குள்ள டெம்பரேச்சர் லாகர், மூணும் வேணும். வாரக்கடைசில மாட்டாம திங்கக்கிழமை கெளம்புற மாதிரி அனுப்புங்க. பழைய வயல் பாட்டில், ஜெல் பேக், பிளேட் ரீடிங் எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன், ஆள் அனுப்புனா காட்டுறேன்.