ஒரே முகத்தோடு இரண்டு துளைகள்: உத்தரவாதம் மறுக்கப்பட்டது பற்றிய முறைப்பாடு

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா,

கடந்த மாசி மாதம் உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் ஒரு லப்டொப் வாங்கினேன். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, நீங்கள் அனுப்பிய மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். "சாஜரைப் பிழையான துளையில் செருகியதால் அந்தத் துளை எரிந்துள்ளது; இது பாவனையாளரின் தவறு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல.

இந்த மெஷினின் இடப்பக்கத்தில் இரண்டு ரைப்-சி துளைகள் உள்ளன. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே முகம். பக்கத்தில் பற்றரிப் படமோ வேறு குறியோ ஒன்றும் கிடையாது. வாங்கிய முதல் வாரம் சாஜரை முன்பக்கத் துளையில் ஒருமுறை செருகினேன் என்பது உண்மை. சாஜ் ஏறவில்லை, திரையின் பிணைச்சலுக்குக் கிட்ட உள்ள பின்பக்கத் துளைக்கு மாற்றினேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான்கு மாதம் அதே முன்பக்கத் துளையில்தான் பென்டிரைவ் கொழுவி வகுப்புக்குறிப்புகளை எடுத்தேன். எரிந்த துளை நான்கு மாதம் வேலை செய்யுமா?

நான் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். ஆனி மாதக் கருத்தரங்கு ஒன்றுக்குப் புரொஜெக்டர் தேவைப்பட்டது. சாஜர் பின்பக்கத் துளையில் இருந்ததால், புரொஜெக்டருக்குப் படம் அனுப்ப 4,500 ரூபாய்க்கு வாங்கிய எச்.டி.எம்.ஐ. அடப்ரரை முன்பக்கத் துளையில் செருகினேன். படம் வரவில்லை. நாற்பது பிள்ளைகளை முன்னால் வைத்துக்கொண்டு கேள்வி வளையியைச் சோக்கட்டியால் கீறினேன். அடுத்த நாள் உங்கள் கிளையில், "அடப்ரர் பிழை ரீச்சர், இது ஒறிஜினல், கொண்டு போய்ப் பாருங்கோ" என்று 6,800 ரூபாய்க்கு இன்னொன்றைத் தந்தார்கள். அதிலும் படம் இல்லை. சரி என்று மெஷினையே தூக்கிக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்த தம்பி ரோர்ச் அடித்துப் பார்த்து, "புழுதி அடைஞ்சு கிடக்குது" என்றார். இருக்கலாம், எங்கள் ஒழுங்கையில் செம்மண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் அவர் செய்தது என்ன? மேசையில் கிடந்த பற்றுச்சீட்டுக் கட்டிலிருந்து குண்டூசியை உருவித் துளைக்குள் விட்டுக் கிண்டினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, சாஜரும் கொழுவியபடி. "நிப்பாட்டிப்போட்டுச் செய்யுங்கோ தம்பி" என்றேன். "ஒண்டும் நடக்காது ரீச்சர்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, திரை கறுத்துப்போயிற்று. மறுபடி இயக்கியபோது மெஷின் வந்தது, அந்தத் துளை வரவில்லை. இன்றுவரை பென்டிரைவைக்கூட அது அறியாது. உள்ளே நாக்குப் போல இருக்கும் மெல்லிய தகடு ஒருபக்கம் சரிந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் அக்காவின் மகன் வந்து பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ரைப்-சி என்பது துளையின் வடிவத்துக்குப் பெயர், அது என்ன செய்யும் என்பதற்கல்ல. ஒன்று தரவை மட்டும் கடத்தும், இன்னொன்று மின்னும் படமும் சேர்த்துக் கடத்தும். என் மெஷினில் பின்பக்கத் துளைக்கு மட்டுமே படம் அனுப்பத் தெரியும். அவன் பழைய 4,500 ரூபாய் அடப்ரரை அங்கே செருகினான், சுவரில் படம் விழுந்தது! இரண்டாவது அடப்ரருக்குத் தேவையே இருக்கவில்லை. இந்த வித்தியாசம் உங்கள் ஆங்கிலக் கையேட்டின் கடைசிப் பக்கமொன்றில் எறும்பளவு எழுத்தில் இருக்கிறது. விற்றவருக்கே தெரியாததை நான் எப்படி அறிவது?

உங்கள் எரிந்த கதைக்கும் அவனே பதில் சொன்னான். ரைப்-சி சாஜர் எடுத்த எடுப்பில் 20 வோல்ற்றைத் தள்ளாது. இணைப்பு உறுதியான பிறகு 5 வோல்ற்று தரும், மெஷின் கேட்டால்தான் மேலே ஏற்றும். கேட்கத் தெரியாத துளையில் செருகினால் சாஜ் ஏறாது, அதுதான் எனக்கு நடந்தது. அந்த நாக்கிலோ 24 தொடுமுனைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை மில்லிமீற்றர் இடைவெளிகூட இல்லை. ஓடும் மெஷினில் அதற்குள் இரும்பு ஊசி விட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் தொழில்நுட்பப் பிரிவிடமே கேளுங்கள். வீட்டில் நாங்கள் துப்புரவு செய்வதென்றால் மெஷினை நிறுத்தி, சாஜரைக் கழற்றிய பிறகுதான் தொடுவோம்.

துளையை உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். தேவையில்லாமல் விற்ற அடப்ரரின் 6,800 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். எந்தத் துளை எதற்கு என்று தமிழில் ஒரு துண்டுக் காகிதமாவது இனிப் பெட்டிக்குள் வையுங்கள், அதற்குப் பெரிய செலவாகாது. அன்றைய கண்காணிப்புக் கமராப் பதிவு அழிந்துபோக முன் எடுத்து வைக்கும்படியும் கேட்கிறேன், குண்டூசி அதில் தெரியும்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இதே பிரதிகளோடு நுகர்வோர் விவகார அதிகார சபையில் முறையிடுவேன். மெஷினைத் திருத்த எடுக்கும்போது என் முன்னிலையில் திறக்கச் சொல்லுங்கள். பெயரும் தொலைபேசி இலக்கமும் பற்றுச்சீட்டில் உள்ளன. மாலை 4 மணிக்குப் பிறகு எடுங்கள், அதற்கு முன் வகுப்பு.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியை