எங்கள் பள்ளி யார் நிலத்தில் நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு

மலேசியக் கல்வி அமைச்சர் அவர்களுக்கும், பள்ளிக் கட்டடங்களுக்கு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நான் பொருளாளர். இந்த ஆண்டு என் கணக்குப் புத்தகத்தில் ஏறிய வரவுகள் இவை: தீபாவளி முறுக்கு விற்றது, நிதி திரட்டும் விருந்துக்கு மேசை விற்றது, பழைய மாணவர் ஒருவர் தம் தந்தையின் திதியன்று கொடுத்தது, லாரி ஓட்டும் தகப்பன்மார் நால்வர் மாதம் பத்து ரிங்கிட்டாகத் தருவது. செலவுப் பக்கத்தில் ஒரே வரிதான்: கூரை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டு வகுப்பறைகள் ஒழுகத் தொடங்கின. கடிதம் எழுதினோம். "இது தனியார் நிலத்தில் இருக்கும் பகுதி உதவிப் பள்ளி, நில உரிமையாளரைக் கேளுங்கள்" என்றார் ஓர் அதிகாரி. செலவில் ஒரு பகுதியை மட்டுமே அரசாங்கம் ஏற்கும் பள்ளி என்று அதற்குப் பொருள். தோட்ட நிர்வாகத்திடம் போனோம். அதற்குள் தோட்டம் கை மாறியிருந்தது. புதிய நிர்வாகி மரியாதையாகத்தான் பேசினார். பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் பொறுப்பு என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பினார். மழை நாளில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். தகரத்தில் விழும் மழையோடு போட்டியிட்டே ஆசிரியைக்குத் தொண்டை கட்டிவிடுகிறது.

பள்ளி தோட்ட நிலத்தில் நிற்பது நாங்கள் தேடிக்கொண்டதல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். லயத்து வீடு என்னும் தொழிலாளர் வரிசை வீட்டிலும் பலகைக் கொட்டகையிலும் அப்படித்தான் பள்ளிகள் முளைத்தன. நிலமும் கம்பெனியுடையது, குடியிருந்த வீடும் கம்பெனியுடையது. 1960-இல் இந்த ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டு துண்டாக விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று என் பாட்டியும் மிச்சம் பிடித்த காசில் ஒரு பங்கு வாங்கினாள். அவளுக்குச் சொந்தமென்று இருந்தது அந்தக் காகிதம் ஒன்றுதான். அவளுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகளிடம் நிலப்பட்டா எங்கே என்று கேட்கிறீர்கள்.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அரசாங்கப் பள்ளி, அரசாங்க உதவி பெறும் பள்ளி இரண்டும் அதில் இருக்கின்றன. உதவி பெறுவதென்றால் கட்டடம் போன்றவற்றுக்கான மூலதன மானியமும் முழு உதவி மானியமும் பெறுவது என்றே பொருள் சொல்லியிருக்கிறது. "பகுதி உதவி" என்ற சொல் எனக்கு அதில் அகப்படவில்லை.

ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது, பாடநூல் கொடுக்கிறது. இதை மறைக்க மாட்டேன். குறை மேம்பாட்டு நிதியில்தான். 2006 முதல் 2010 வரையிலான ஒன்பதாவது மலேசியத் திட்டத்தில், தொடக்கப்பள்ளி மேம்பாட்டு நிதியில் 95 விழுக்காடு மலாய்மொழி வழித் தேசியப்பள்ளிகளுக்குப் போனது. தமிழ்ப்பள்ளிகளுக்கு வந்தது 1.34 விழுக்காடு. தொடக்கப்பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய 3 விழுக்காட்டினர் அன்று தமிழ்ப்பள்ளிகளில் படித்தார்கள். பின்னர் சிறப்பு ஒதுக்கீடுகள் வந்தன, பல பள்ளிகள் புதுக் கட்டடம் பெற்றன. அவற்றைக் கடந்து போகும்போதெல்லாம் மனம் குளிர்கிறது. ஆனால் சிறப்பு ஒதுக்கீட்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் மனுவோடு நிற்க வேண்டியிருக்கிறது.

ஒழுகலோடு போயிருந்தால் முறுக்கு விற்றே சமாளித்திருப்போம். முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைப் பதிய வரும் தாய் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கிறாள். ஒன்றும் சொல்வதில்லை. பள்ளி திறக்கும் நாளில் அவள் பிள்ளை வேன் ஏறிப் பட்டணத்துப் பள்ளிக்குப் போகிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வேன் கட்டணம் கட்ட முடியாதவர்களின் பிள்ளைகள்தான் எங்களிடம் மிஞ்சுகிறார்கள். மாணவர் தொகை 150-க்குக் கீழே இறங்கினால் குறைந்த மாணவர் பள்ளி என்று பெயர் விழுகிறது. தலைக்கு இவ்வளவு என்று வரும் மானியமும் இளைக்கிறது. பிள்ளைகள் பாதியானால் கூரை பாதியாகிவிடுமா? கடைசியில், "பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கு எதற்குக் கட்டடம்?" என்ற கேள்வி வருகிறது. 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-ஐ எட்டவில்லை. தோட்டத் துண்டாடலாலும், ரப்பர் போய்ச் செம்பனை வந்து மக்கள் பெயர்ந்ததாலும் மூடப்பட்டவை பல. எங்கள் தோட்டத்தில் மக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கட்டடத்தின் நிலையைப் பார்த்து நிதி கொடுங்கள், நிலப்பட்டாவைப் பார்த்து வேண்டாம். சாலைக்கும் பாலத்துக்கும் நிலம் எடுக்க உதவும் 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் பள்ளிக்கும் உதவும். நிலம் மாநிலத்தின் அதிகாரம். ஆகவே எங்கள் பள்ளி நிற்கும் மண்ணைக் கையகப்படுத்தித் தரும்படி பேராக் அரசுக்கு அமைச்சே எழுதட்டும். எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது என்ற பட்டியலைப் பள்ளியின் பெயரோடு ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் அதிகாரி ஒருவரை அனுப்புங்கள். எந்த மூலையில் எந்த வாளி வைக்க வேண்டும் என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளே அவருக்குக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர்,
சுங்கை சிப்புட், பேராக்