வாளை வடித்த கொல்லருக்கும் காட்சிக்கூடத்தில் இடம் வேண்டும்

தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினருக்கும் அருங்காட்சியகங்கள் துறையினருக்கும் வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிடைத்த பழைய ஆயுதங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எந்த அரசன், எந்தப் போர் என்றே கேட்டுப் பழகிவிட்டோம். அவற்றைச் செய்த கொல்லரின் தொழிலறிவையும் காட்சிக்கூடங்களில் விளக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் பொது ஆண்டுக்கு முன் (பொ.ஆ.மு.) 2172 வரை செல்வதாக 2022-இல் அரசு அறிவித்தபோது நாம் அனைவரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையில் உலைக்களத்துக்கு உரிய பங்கை இன்னும் கொடுக்கவில்லை.

தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானின் படைக்கலங்களை ஔவையார் பாடிய புறநானூற்று 95-ஆம் பாடலில், தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன. வீரத்தைப் புகழ வந்த பாட்டுதான். ஆயினும் போருக்குப் பின் வேல் முதலில் போய்ச் சேரும் இடம் எது என்பதையும் அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

குழலுள்ள ஒரு வேல்முனையை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பகுதியைத் தகடாகத் தட்டி, சூடு ஆறுமுன் சுருட்டிக் குழலாக்கி, அதற்குள் மரக்காம்பைச் செருகினார்கள். அந்தச் சுருளின் விளிம்புகள் சேரும் கோடு துருவுக்கு அடியிலும் சில நேரம் தெரியும். பார்வையாளருக்குச் சுட்டிக்காட்ட வேண்டியது அந்தக் கோட்டைத்தான். கரி மிகுந்த எஃகு கடினமாக இருக்கும், ஆனால் அடி பட்டால் உடையும். கரி குறைந்த இரும்பு வளைந்துபோகும். இரும்பில் கரியேற்றி எஃகாக்குவதற்காக, மண்குகையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) இரும்புடன் ஆவாரங்கட்டையையும் இலைகளையும் இட்டு, வாயை மண்ணால் அடைத்து உருக்கிய சேலம் வட்டார முறையை 19-ஆம் நூற்றாண்டின் பதிவுகள் விவரிக்கின்றன.

வாளின் மரப்பிடி மண்ணில் மட்கிவிடுகிறது. அதை எப்படிப் பிடித்தார்கள் என்பதை அறிய, வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் நம் நடுகல் வீரர்களைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே நடுகல்லின் பக்கத்திலேயே வாளையும், இரும்புக் கிட்டத்தையும் (தாதுவை உருக்கும்போது மிஞ்சும் கழிவுக் கட்டி), துருத்தியின் ஊதுகுழல் துண்டுகளையும் சேர்த்து வையுங்கள். இரும்புத் தாது கிடைக்கும் தீர்த்தமலைப் பக்கத்து நிலங்களில் கிட்டம் தென்பட்டால், அது கல்லோடு கல்லாக அள்ளப்படுவதற்கு முன் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று. அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுக்கும்போது இரும்பின் நிறத்தைப் பார்த்தே பதம் அறியும் கொல்லர்கள் இவ்விரு மாவட்டங்களிலும் இன்றும் இருக்கிறார்கள். விளக்கப் பலகைகளை எழுதும் முன் அவர்களை அழைத்து, அந்த ஆயுதங்களை அவர்கள் முன் வைத்து, அவர்கள் சொல்வதையும் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தருமபுரியிலிருந்து ஓர் ஆர்வலர்