காபி எனர்ஜி குடுக்குதுன்னு போட்டது தப்புங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

நான் திருப்பூர்ல பேக்கரி வெச்சிருக்கறவனுங்க, நம்ம பக்கம் பேக்கரின்னா டீக்கடைதானுங்களே. போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, காபியில இருக்கற காஃபின் உடம்புக்கு எனர்ஜி குடுக்குதுன்னு போட்டிருந்தீங்க. காபி ஆத்திப் பொழைக்கறவன் நானே சொல்றனுங்க, காஃபின் ஒரு பொட்டு எனர்ஜியும் குடுக்கறதில்லீங்க. பாலும் சக்கரையும் குடுக்கும், அது வேற கணக்கு.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்பீங்க. மூணு வருசம் முன்னாடி எங்கப்பாவுக்குத் திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு நாடி 180 தாண்டிப் போச்சு, தூக்கிட்டு ஓடுனா அங்க டாக்டரம்மா "பெரியவர் கடைசியா எப்பங்க காபி குடிச்சாரு"ன்னு கேக்கறாங்க, எனக்குக் கோவம் வந்துருச்சுங்க, உசுரு போற நேரத்துல காபியைக் கேக்கறாங்களேன்னு. அப்புறம் அடினோசின்னு ஒரு ஊசி, போட்ட வேகத்துல பின்னாடியே சலைனைத் தள்ளி கையைத் தூக்கிப் புடிச்சாங்க, மானிட்டர்ல ரெண்டு மூணு செகண்ட் கோடு நேராப் போயிட்டு டக்குன்னு பழையபடி அடிக்க ஆரம்பிச்சுதுங்க. ரத்தத்துல அது 10 செகண்ட்கூடத் தாங்காதாமா. காபி குடிச்சிருந்தா அந்த ஊசி சரியா கேக்காதாமா, அதுக்குத்தான் அந்தக் கேள்வி.

வீட்டுக்கு வந்து பன்னெண்டாவது படிக்கற எம்பொண்ணுகிட்டக் கேட்டனுங்க. ரைபோஸ்ங்கற சக்கரையோட அடினைன் சேந்தா அடினோசின், அதே மாதிரி குவானோசின், சைட்டிடின், யூரிடின், செல்லுக்குள்ள மரபுச் சேதியைச் சுமக்கற ஆர்என்ஏங்கற சங்கிலியைக் கட்டறதுக்கு இந்த நாலுதான், இதுகளுக்கு ரைபோநியூக்ளியோசைடுன்னு பேரு. கூட பாஸ்பேட் ஒட்டுனாத்தான் நியூக்ளியோடைடு, நீங்க அந்த இணைப்புல நியூக்ளியோசைடும் நியூக்ளியோடைடும் ஒண்ணுன்னு எழுதிட்டீங்க, அதையும் பாருங்க. அடினோசின்ல மூணு பாஸ்பேட் மாட்டுனா ஏடிபி, உடம்பு செலவு பண்ற காசே அதுதானுங்க. நாள் பூரா முழிச்சிருந்து செலவு பண்ணப் பண்ண மூளையில அடினோசின் சேந்துட்டே போகும், அதுக்குன்னு மூளை செல் மேல சீட்டு மாதிரி இருக்கற ரிசப்டர்ல போய் உக்காரும், கண்ணு சொக்கும். காஃபின் பாக்க அடினோசின் சாடையில இருக்கறதால, பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டுப் புடிக்கற மாதிரி அந்த எடத்தைப் புடிச்சுக்குது. அடினோசின் எங்கயும் போகலீங்க, நின்னுட்டேதான் வருது. அஞ்சு மணி நேரம் போல ஆனா பாதி காஃபின் எறங்கிரும், நின்னதெல்லாம் சேந்து உக்காரும்.

யூரிடினும் லேசுப்பட்டதில்லீங்க. எந்தப் புரோட்டீன் செய்யணும்னு செல்லுக்குச் சொல்ற ஆர்என்ஏ இருக்குதுங்களே, எம்ஆர்என்ஏ, அதை வெளியில இருந்து ஏத்துனா உடம்பு சண்டைக்கு வருது, யூரிடினை எடுத்துட்டு அதே சாடையில இருக்கற சூடோயூரிடினை வெச்சா அடங்கிக்குதுன்னு கேட்டலின் கரிகோ, ட்ரூ வைஸ்மன்ங்கற ரெண்டு விஞ்ஞானிங்க 2005ல எழுதுனாங்க, கொரோனா எம்ஆர்என்ஏ ஊசி வந்ததுக்கப்புறம் 2023ல நோபல் குடுத்தாங்க. இது மாதிரி எழுதுங்களேன், எந்த ராசிக்கு எந்தக் கலர்னு அரைப்பக்கம் போடறீங்க.

நான் எதுக்கு மல்லுக்கு நிக்கறேன்னா, பனியன் கம்பெனி நைட் ஷிப்ட் பசங்க உங்க பேப்பரைக் காட்டி "அண்ணா எனர்ஜிண்ணா"ன்னு சாப்பிடாமகொள்ளாம நாலு ஸ்ட்ராங் காபி குடிச்சுட்டுப் போறானுங்க. எனக்கு யாவாரந்தான், இருந்தாலும் மனசு கேக்கலீங்க. திருத்தம் போட்டீங்கன்னா கட் பண்ணி கல்லாவுக்கு மேல ஒட்டிருவனுங்க.

இப்படிக்கு,
ஒரு பேக்கரிக்காரன், திருப்பூர்