குளிர் கண்டெய்னர்களை வெயிலில் திறந்து சோதிப்பதைத் தவிர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
குளிர்ச் சரக்கு இறக்குமதியாளர்

பெறுநர்
உயர்திரு சுங்கத்துறை ஆணையர் அவர்கள்

பொருள்: விரைவில் கெடும் உணவுப் பொருள்களைக் குளிர்த் தளத்திலேயே சோதித்து, முன்னுரிமை தந்து விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பழம், காய்கறி, குளிர்வித்த மீன் ஆகியவற்றை வெளிநாடுகளிலிருந்து தருவிக்கும் தொழிலில் இருக்கிறேன். அண்மையில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திராட்சை ஏற்றிய ரீஃபர் கண்டெய்னர் (குளிரூட்டும் இயந்திரம் பொருத்திய சரக்குப் பெட்டகம்) ஒன்று மூன்று வாரக் கடல் பயணத்தில் 0 டிகிரியை விட்டு அசையாமல் வந்து சேர்ந்தது. சோதனைக்காக அதை யார்டில் இறக்கி, மின் இணைப்பைப் பிடுங்கி, உச்சி வெயிலில் கதவைத் திறந்தார்கள். மாதிரி எடுக்க அரை மணி நேரம் போதும். ஆனால் இன்னொரு துறையின் அலுவலர் வரும்வரை கதவை மூடவே இல்லை. பிறகு, சரக்கோடு பயணித்து வெப்பநிலையைப் பதிந்துவரும் டேட்டா லாகர் கருவியைக் கணினியில் செருகிப் பார்த்தோம். கடல் நெடுகப் படுத்துக் கிடந்த வெப்பநிலைக் கோடு, அந்த ஒரு பிற்பகலில் 17 டிகிரிக்கு ஏறியிருந்தது. குளிர்ந்த பழத்தின் மேல் ஈரக்காற்று பட்டதும் முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டது. மூன்றாம் நாள் பெட்டியைப் பிரித்தால் காம்போரமெல்லாம் சாம்பல் பூஞ்சை.

சோதனையே கூடாது என்று நான் கேட்கவில்லை. அந்நியப் பூச்சி உள்ளே வந்தால் பயிர்களுக்கு என்ன ஆகும் என்பதும், லிஸ்டீரியா போன்ற கிருமி குளிர்பெட்டிக்குள்ளும் பெருகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். சோதிக்கும் இடமும் நேரமும்தான் என் கவலை.

பறித்த பின்னும் பழம் மூச்சு விடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த மூச்சு இரண்டு, மூன்று மடங்காகிறது. அது தாக்குப்பிடிக்கும் நாள்களும் அந்த அளவுக்குக் கரைகின்றன. மறுபடி குளிர வைத்தாலும் கரைந்த நாள் திரும்பி வராது. அதோடு, ரீஃபர் இயந்திரம் ஏற்கெனவே குளிர்ந்த சரக்கின் குளிரைக் காக்கத்தான் செய்யப்பட்டது; சூடேறிய சரக்கைச் சட்டென்று குளிர்விக்கும் வலு அதற்கில்லை. எல்லாவற்றையும் ஒரே குளிர் அறையில் போட்டுவிடலாமே என்றால் அதுவும் சரிவராது. வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கருத்துவிடும்; மீனுக்கோ உருகும் பனிக்கட்டியின் குளிர் வேண்டும்.

இதில் நான் புதிதாகச் சலுகை எதுவும் கேட்கவில்லை, ஐயா. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7-ஆம் பிரிவு கெடக்கூடிய பொருள்களைத் தனியாகவே எடுத்துப் பேசுகிறது: இயன்ற அளவு குறைந்த நேரத்தில் விடுவிக்க வேண்டும், சோதனைக்கு நேரம் ஒதுக்கும்போது உரிய முன்னுரிமை தர வேண்டும், விடுவிக்கும்வரை முறையாகச் சேமிக்க வழி செய்ய வேண்டும். பெரிதும் தாமதமானால், இறக்குமதியாளர் எழுத்தில் கேட்கும்போது இயன்றவரை காரணத்தைத் தெரிவிக்கவும் சொல்கிறது.

ஆகவே, குளிர் கண்டெய்னர்களை மின் இணைப்பு உள்ள குளிர்த் தளத்தில் மட்டுமே திறக்க ஆணையிட வேண்டுகிறேன். சுங்கம், தாவர நலம், உணவுப் பாதுகாப்பு ஆகிய மூன்று துறையினரும் ஒரே வேளையில் வந்து, ஒரே முறை கதவைத் திறந்து மாதிரி எடுத்தாலே பாதி இழப்பு நின்றுவிடும். சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று ஏற்றுமதி நாடு தரும் மின்னணுத் தாவர நலச் சான்றிதழையும் மற்ற ஆவணங்களையும் கப்பல் கரை சேருமுன்பே சரிபார்த்து வைக்கலாம். இரவிலும் விடுமுறை நாளிலும் வந்திறங்கும் சரக்குக்கு ஓர் அலுவலராவது பொறுப்பில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றைத்தான் இப்போதைக்குச் செய்ய முடியும் என்றால், முதலில் குளிர்த் தளத்துக்கு உத்தரவிடுங்கள்.

தாங்கள் நேரம் ஒதுக்கினால் லாகர் பதிவுகளோடு நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குளிர்ச் சரக்கு இறக்குமதியாளர்

இணைப்பு: டேட்டா லாகர் வெப்பநிலைப் பதிவின் நகல்