எந்த நாடு என்று கேட்டீர்கள், எந்தக் கண்மாய் என்று கேட்கவில்லை

உசிலம்பட்டித் தொகுதிக்கு வேட்பாளர் தேடிக்கொண்டிருக்கும் அனைத்துக் கட்சித் தலைமைகளுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் உங்களில் ஒருவர் அனுப்பிய தம்பி எங்கள் ஊர்ச் சாவடிக்கு வந்தார். கழுத்தில் அட்டை, கையில் செல்போன். கருத்துக் கணிப்பு என்றார். முதல் கேள்வி பெயர், இரண்டாவது வயது, மூன்றாவது சாதி. சொன்னேன். அத்தோடு விடவில்லை. “ஐயா, எட்டு நாட்டில் நீங்கள் எந்த நாடு?” என்றார். நாடு என்பது எங்கள் பிரமலைக் கள்ளர் சமூகத்தின் வட்டாரப் பிரிவு. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் காபி குடித்து முடித்த பிறகுதான் அதைக் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு கட்சியின் தம்பி வந்தார். அட்டையின் நாடா மட்டும் வேறு நிறம், கேள்விகள் அதே கேள்விகள்.

இரண்டு பட்டியலிலும் தண்ணீர் என்ற சொல் இல்லை. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

வைகை அணையிலிருந்து எங்கள் பகுதிக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாயைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் உங்கள் மேடைகளில்தான் அதைக் கேட்டு வருகிறோம். இருந்தாலும் மேடையில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. எங்கள் கால்வாய்க்குத் தண்ணீர் ஏறுவதற்கு நீர்மட்டம் 67 அடியைத் தொட வேண்டும். அதாவது மேலே மிதக்கும் நாலு அடிதான் எங்கள் பங்கு. 66 அடியில் ஆற்றங்கரை ஊர்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். அவர்கள் பாத்திர பண்டத்தை மேட்டுக்கு ஏற்றும் அந்த நேரத்தில் நாங்கள் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருப்போம். எங்கள் ஊரில் பேப்பரைப் பிரித்தால் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டத்தை. அரசியல் செய்தியெல்லாம் அதற்கப்புறம்தான், மன்னிக்கவும்.

67 வந்துவிட்டால் மட்டும் ஷட்டர் தானாகத் திறந்துவிடுமா? மனு கொடுக்க வேண்டும். பிறகு நினைவூட்டல் மனு. பிறகு உண்ணாவிரதம், கடையடைப்பு. அதற்குள் மட்டம் 69-ஐத் தொடும், உபரி நீர் ஆற்றில் போகும். திறந்த வருடமோ சில நாள்களில் அடைத்துவிடுவார்கள். தொண்ணூறுகளில் தொடங்கிய வேலை, 2018-இல்தான் சோதனை ஓட்டமே பார்த்தோம். அன்று தொட்டிப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியதை வேடிக்கை பார்க்க, கல்யாண வீட்டுக்குப் போவது போலக் குடும்பம் குடும்பமாகப் போனோம்.

என் நிலம் கடைசிக் கண்மாயின் ஆயக்கட்டில் இருக்கிறது. ஒரு வருடம், தண்ணீர் வரும் என்று நம்பி, வரத்துக் கால்வாயில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை ஊரே சேர்ந்து வெட்டினோம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஜேசிபி வைத்தோம். தண்ணீர் வந்தது. மேலே உள்ள கண்மாய்கள் நிறைந்து எங்கள் கண்மாய்க்கு மறுகால் பாய்ந்த மூன்றாம் நாள், அணையில் அடைத்துவிட்டார்கள். கண்மாயின் நடுப்பள்ளத்தில் முழங்கால் அளவு நின்றது. மடைக்கல்லின் அடிவரிசையில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு கோடு. அதை நம்பி நாற்றுப் பாவியவர்கள் இரண்டு பேர், ஒருவன் நான். நாற்றைக் கடைசியில் ஆடுதான் தின்றது. கோடு இன்னும் அந்தக் கல்லில் இருக்கிறது.

ஆகவே கேட்பது ஒன்றுதான். 67 அடி எட்டியதும் ஒவ்வொரு ஆண்டும், யாரும் பட்டினி கிடக்காமல், 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் திறக்க நிரந்தர அரசாணை. அதை நிறைவேற்றுவோம் என்று வேட்பாளரை அறிவிக்கும் முன்பே எழுத்தில் கொடுங்கள்.

இது எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று யோசித்தால் கோபம் பாதி உங்கள் மேல் வருகிறது, பாதி எங்கள் மேல் வருகிறது. பார்வர்டு பிளாக் தலைவர் மூக்கையாத் தேவர் 1957 முதல் 1977 வரை இங்கே ஐந்து முறை வென்றார். அந்தக் கட்சியின் சிங்கத்தைத் தவிர வேறு சின்னம் தெரியாத கிழவிகள் அப்போது இருந்தார்கள். அவர் கல்லூரிகள் கட்டினார், 1974-இல் கச்சத்தீவுக்காக நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார். அந்த ஓட்டுக்கு ஒரு பொருள் இருந்தது. 1920-இல் பெருங்காமநல்லூரில் ரேகைச் சட்டத்தை, அதாவது குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துக் குண்டடி பட்டுச் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்களுக்கென்று ஒருவரைத் தேடிக்கொண்டார்கள். அவர் 1979-இல் போனார். நாங்கள் ஓட்டை அவர் நினைவுக்குப் போட்டுக்கொண்டே இருந்தோம். நினைவுக்கு மாலை போட்டவரெல்லாம் அதை எடுத்துக்கொண்டு போனார்கள்.

2006 முதல் 2021 வரை நான்கு தேர்தல்களிலும் ஒரே அணிதான் இங்கே வென்றது. 2021-இல் நடந்ததைப் பாருங்கள். 2006-இல் இரட்டை இலையில் வென்றவர் அமமுகவில் நின்று ஐம்பதாயிரத்துக்கு மேல் வாங்கினார். 2011-இல் அதே அணியில் பார்வர்டு பிளாக் சார்பில் வென்றவர் எதிரணியின் வேட்பாளர். இரட்டை இலை ஜெயித்தது. மூன்று பக்கமும் தெரிந்த முகங்கள், மூன்று பக்கமும் எங்கள் ஆட்கள். யார் தோற்றாலும் “நம்மாள்” ஜெயித்துவிடுவார் என்ற நிலையில் கால்வாய்க்காக யார் மெனக்கெடுவார்? தம்பிகள் எந்த நாடு என்று கேட்பதன் ரகசியம் இதுதான். சாதி எல்லாரிடமும் சமமாக இருப்பதால், பிளக்க அடுத்த கோடு தேடுகிறீர்கள்.

எங்கள் குற்றத்தையும் மறைக்க மாட்டேன். 1996 முதல் பத்து ஆண்டுகள் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தலித் ஒருவர் ஊராட்சித் தலைவராக உட்காருவதை எங்கள் சமூகம் தடுத்தது. மனுப் போட விடவில்லை, வென்றவரைப் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தது. 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தது. வீம்புக்குக் காட்டிய அந்த ஒற்றுமையில் கால் பங்கைக் கால்வாய்க்குக் காட்டியிருக்கலாம். காலனியின் ஆடும் எங்கள் ஆடும் ஒரே காய்ந்த கண்மாயில்தான் மேய்கின்றன. அந்தப் பத்து ஆண்டுகளில் இங்கு ஓட்டுக் கேட்டு வந்த கட்சிகளில் எத்தனை எங்கள் முகத்துக்கு நேரே “இது தப்பு” என்று மேடையில் சொல்லின? ஓட்டுப் போய்விடும் என்று பயந்தீர்கள். பழமை பிடித்த தொகுதி என்று சென்னையில் எங்களைச் சொல்கிறீர்களாம். அந்தப் பழமைக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எண்ணெய் ஊற்றுவது யார்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும். இன்னும் ஒன்றே ஒன்று. எங்கள் கலெக்டர் மதுரையில், எம்.பி. தேனித் தொகுதிக்காரர், தண்ணீர் இருப்பது தேனி மாவட்ட அணையில், கால்வாய் கடப்பது திண்டுக்கல் மாவட்டத்தை. மனுவை எங்கே கொடுத்தாலும் “அங்கே கொடுங்கள்” என்று அனுப்ப இன்னோர் இடம் மிச்சம் இருக்கும். பையன்கள் முறுக்குக் கம்பெனிகளுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். ஓட்டுப் போட மட்டும் பஸ் ஏறி வருவார்கள், வந்த செலவை உங்களில் யாராவது பார்த்துக்கொள்வீர்கள். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது, ஷட்டரை விட உங்கள் பட்டுவாடா நேரத்துக்கு நடக்கிறது.

தயவுசெய்து, நிரந்தர அரசாணை. எந்த நாட்டுக்காரரை வேண்டுமானாலும் நிறுத்துங்கள், காலனியிலிருந்து ஒருவரை நிறுத்தினாலும் என் ஓட்டு உண்டு. அவர் கையில் அந்தக் காகிதம் இருக்க வேண்டும்.

தம்பிகளை மறுபடி அனுப்புவதானால் மாலை வெயில் தாழ அனுப்புங்கள். கண்மாய்க்குக் கூட்டிப்போய் மடைக்கல்லைக் காட்டுகிறேன், கோட்டை அளந்து செல்போனில் ஏற்றிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்,
உசிலம்பட்டி வட்டம்