கோடாரிச் சாமிகளைப் படம் எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேர்வராயன் மலை ஊர்களில், மரத்தடிப் பிள்ளையாருக்கு முன்னால் வழவழப்பான சிறு கற்களை வைத்துக் கும்பிடுவார்கள். ஒரு முனை கூம்பி, மறுமுனை கோடாரி வாய் போல அகன்றிருக்கும். புதிய கற்கால மக்கள் கல்லைக் கொத்தி, தேய்த்து, மெருகேற்றிச் செய்த கோடாரிகளே அவை. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. மண்ணில் கிடைத்தவற்றை மலை மக்கள் சாமியாக்கியதால்தான் இன்றும் மிஞ்சியிருக்கின்றன.

ஆனால் நான் பார்த்த ஒரு கோயிலில், மேடையை இடித்து டைல்ஸ் ஒட்டிய பிறகு பாதிக் கற்களைக் காணோம். கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மனசு ஆறவில்லை.

எல்லாவற்றையும் மியூசியத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பூசை நடக்கிற சாமியை எப்படி எடுப்பது? 1863-ல் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். இந்த மலையிலும் கற்கோடாரிகளைச் சேகரித்தார். அவருடைய சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏற்காட்டுப் பிள்ளைகள் அதைப் பார்க்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

நான் கல்யாண போட்டோகிராபர். கற்களை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, முப்பரிமாணப் படமாகப் பதிவு செய்து வைக்கலாம் என்கிறேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், நல்ல போன் கேமராவே போதும். கல்லைச் சுற்றி இரண்டு மூன்று உயரங்களில், ஒரு படத்தில் வந்த பகுதி அடுத்ததிலும் பாதிக்கு மேல் வருகிற மாதிரி எடுக்க வேண்டும். பொதுவான புள்ளிகளைக் கோத்து கம்ப்யூட்டர் முப்பரிமாண உருவம் தந்துவிடும். பக்கத்தில் ஸ்கேல் வைக்காவிட்டால் உருவம் வரும், அளவு வராது. எண்ணெய் பூசிய கல்லில் ஃபிளாஷோ வெயிலோ பட்டால் பளபளப்பு விழுந்து உருவத்தில் அந்த இடமே கெட்டுவிடும். ஏற்காட்டு மேகமூட்டம் இதற்கு ரொம்பத் தோது. பூசாரி சம்மதித்தால் கல்லைத் திருப்பி அடிப்பக்கத்தையும் எடுத்துவிடலாம்.

தொல்லியல் துறையும் சேலம் அரசு அருங்காட்சியகமும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு இதைச் செய்ய வேண்டும். எந்த ஊர், எந்தக் கோயில் என்ற விவரம் துறையிடம் மட்டும் இருக்கட்டும். பொதுவில் போட்டால் திருடனுக்கு வழி காட்டியதாகிவிடும். எழும்பூரில் உள்ள நம் மலைக் கற்களையும் இப்படிப் பதிவு செய்தால், அரசுப் பள்ளி ஹைடெக் லேபில் பிள்ளைகள் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அதையே 3டி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால், கோடாரியைக் காம்பில் எப்படிப் பொருத்தியிருப்பார்கள் என்று கையில் வைத்தே யோசிப்பார்கள்.

வேலையைத் தொடங்கினால் கேமராவோடு நானும் வருகிறேன். மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கவும் சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு போட்டோகிராபர்,
அம்மாப்பேட்டை, சேலம்.